தாத்தா பத்திரத்தில் 'வட ஆற்காடு' என்று இருந்தால்

பழுப்பேறிய பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம், வாலாஜா தாலுகா' என்று பார்த்துவிட்டு, இணையத்தில் பட்டா எடுக்க வேலூரைத் தட்டித் தேடுகிறார்கள். அங்கே கிடைக்காது. வட ஆற்காட்டிலிருந்து 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது; மீதிதான் பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. அதிலிருந்து 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. வாலாஜா, அரக்கோணம் இப்போது ராணிப்பேட்டையில். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரில். குடியாத்தம், காட்பாடி வேலூரிலேயே.

எங்கள் வீட்டிலும் இப்படித்தான் இரண்டு நாள் வீணானது.

சரி, மாவட்டத்தைப் பிடித்தாச்சு. அப்புறம் சர்வே எண். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த 1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல இடங்களில் உட்பிரிவு எண்கள் மாறின. பத்திரத்தில் 112/3 என்றிருப்பது பட்டாவில் 112/3பி ஆகியிருக்கலாம். நிலத்தின் அளவையும் எல்லையையும் காட்டும் புல வரைபடத்தையும் எடுத்து நான்கு எல்லைகளை ஒப்பிடுங்கள். பட்டாவில் இன்னும் தாத்தா பெயரே இருந்தால், வாரிசுச் சான்றிதழோடு இப்போதே மாற்றி விடுங்கள், பங்காளிகள் எல்லோரும் ஊரில் இருக்கும்போதே.