தொண்டர்களின் பிரவுசரில் கணக்கு ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கணினி படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு தொகுதியிலும் யாராவது இந்த யோசனையோடு வருகிறார்கள்: பெரிய அறிவியல் கணக்கொன்றைத் துண்டு துண்டாக வெட்டி, விருப்பமுள்ளவர்களின் பிரவுசர்களுக்கு அனுப்பி, விடைகளைத் திரட்டுவது. நல்ல யோசனைதான். 1999இல் தொடங்கிய செட்டி அட் ஹோம், வேற்றுலகச் சமிக்ஞை தேடுவதற்கு ஒரு மென்பொருளை நிறுவச் சொன்னது. இப்போது ஒரு இணைப்பைத் தட்டினாலே போதும். 2017இலிருந்து முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வெப்அசெம்பிளி (பிரவுசருக்குள் நிரலை வேகமாக ஓட்டும் வடிவம்) ஓடுவதால் வேகமும் பெரிய குறையில்லை. ஆனால் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மட்டும் மாறவே இல்லை. எல்லாருக்கும் தெரிந்த சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

கேட்காமல் ஓட்டுவது

கூடவே கூடாது. பிரவுசரிலேயே மெய்நிகர் நாணயம் தோண்டும் காயின்ஹைவ் என்ற நிரல் 2017இல் வந்தபோது, பல தளங்கள் பார்க்க வந்தவர்களுக்குச் சொல்லாமலே அவர்கள் கணினியில் அந்த நாணயத்தைத் தோண்டின. அந்தக் கெட்ட பெயர் இன்னும் போகவில்லை.

விடை பொருந்தவில்லை என்றதும் ஆளைத் தடுப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

ஒரு குழு, கொட்டியாரக் குடாவில் எஞ்சின் பழுதாகி அலையும் படகு எங்கே ஒதுங்கும் என்று கணிக்கப் புறப்பட்டது. வாடைக் காலத்துக் காற்று, கச்சான் காலத்துக் காற்று, நீரோட்டம் எல்லாம் கொடுத்து, ஆயிரக்கணக்கான கற்பனைப் படகுகளை மிதக்கவிட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு துண்டும் இரண்டு பேருக்குப் போகும். வந்த விடைக் கோப்புகளின் ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் கைரேகை போன்ற குறுகிய எண்) ஒன்றாக இருந்தால் ஏற்பு. வேறுபட்டால் மூன்றாம் ஆளுக்குப் போகும். தனித்து நிற்பவர் சில தடவைகளில் தானாகவே தடுக்கப்படுவார். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.

"சேர், நிறையப் பேர் கள்ள விடை அனுப்புகினம்" என்று வந்து நின்றார்கள். இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தோம். மேல் வரிகளில் பதினைந்து இலக்கம் வரை அச்சொட்டாக ஒன்று. கடைசி இலக்கம் மட்டும் ஒன்றில் 5, மற்றதில் 6. கீழே போகப் போக வித்தியாசம் பெருத்து, கரையா கடலா என்று தீர்மானிக்கும் இடத்தில் ஒரு படகு மூதூரில் ஒதுங்கியிருந்தது, மற்றது வெளியே போய்விட்டது. ஒரு பக்கம் ஐபோன்கள், மறு பக்கம் விண்டோஸ் குரோம். யாரும் ஏமாற்றவில்லை.

காரணம் இதுதான். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றுக்கு கணினியில் தசம எண்களைக் கையாளும் விதத்தைச் சொல்லும் ஐஇஇஇ 754 தரம் ஒரே விடையைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் பிரவுசரின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் சைன், கொசைன், எக்ஸ்பொனென்ஷியல் போன்றவற்றுக்கு அண்ணளவான விடை போதும் என்று மொழியின் தரமே விட்டுவிட்டது. எந்த முறையில் கணிப்பது என்பது பிரவுசர் செய்தவர் விருப்பம். அப்புறம் ஹாஷ் வேறு: ஒரு இலக்கம் மாறினாலும் முழுதும் மாறிவிடும், எவ்வளவு மாறியது என்று சொல்லாது.

தடுக்கப்பட்டவர்களில் கிண்ணியாவில் உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சியும் இருந்தாள். அண்ணன் கட்டாரிலிருந்து அனுப்பிய ஐபோனை, திரை அணையாமல் பார்த்துக்கொண்டு, இரவிரவாகச் சார்ஜில் போட்டு ஓட்டியிருக்கிறாள். காலையில் "உங்கள் விடைகள் நம்பகமற்றவை" என்று திரையில் வந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டு எழுதினோம். அவள் திரும்பி வரவில்லை. மின்சாரத்தையும் டேட்டாவையும் சும்மா தருபவரிடம் அந்த வசனத்தைக் காட்டுவதற்கு முன்னால் உங்கள் சொந்த நிரலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது கடினமில்லை. வெப்அசெம்பிளியில் சைன் என்ற கட்டளையே கிடையாது. ஆகவே சைன் போன்றவற்றைக் கணிக்கும் நிரல்களின் தொகுப்பையும் (கணித நூலகம்) சேர்த்துக் கம்பைல் செய்து அனுப்புங்கள், எல்லா இயந்திரமும் அதே படிகளில் போகும். பிரவுசரின் சைனை வெளியிலிருந்து உள்ளே அழைத்தால் பழைய கதைதான். முடிவுகளை ஹாஷாக இல்லாமல் எண்களாகவே, இவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்று ஒரு சகிப்பெல்லை வைத்து ஒப்பிடுங்கள். தற்செயல் எண்களுக்கு ஜாவாஸ்கிரிப்டின் மேத்.ரேண்டம் வேண்டாம், அதற்கு விதை (அதே எண் வரிசையைத் திரும்ப வரவழைக்கும் தொடக்க எண்) கொடுக்க வழியில்லை. விதையைத் துண்டோடு அனுப்பினால்தான் இன்னொருவர் அதே கணக்கைத் திரும்பச் செய்ய முடியும் (அந்தக் குழு இதையாவது சரியாகச் செய்திருந்தது). யாரையும் தடுக்கும் முன் அவர் செய்த துண்டை உங்கள் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பொய் விடை வரவே வராது என்று சொல்லவில்லை. வரும். அளவுக்கு மீறி வேகம் கூட்டிய கணினியும் பிழையான விடை தரும். இரண்டு பேருக்கு அனுப்புவதை அதனால் கைவிட வேண்டாம்.

மெயின் த்ரெட்டில் கணக்கு

பக்கத்தை இயக்குவதே மெயின் த்ரெட்தான், கணக்கும் அங்கேயே ஓடினால் பக்கம் உறைந்து நிற்கும். பின்னணியில் தனியாக ஓட்ட வெப் வொர்க்கர் இருக்கிறது. அதில் ஓட்டுங்கள்.

ஒரு மணி நேரத் துண்டுகள்

ஆட்கள் டாபை மூடுவார்கள், வேறு வேலைக்குப் போவார்கள். 2021இல் வந்த குரோம் 88இலிருந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தில் டைமர்கள் (குறித்த நேரத்தில் நிரலை எழுப்புபவை) நிமிடத்துக்கு ஒருமுறைதான் விழிக்கக்கூடும். போனில் பக்கமே உறைந்துவிடும். துண்டு ஓரிரு நிமிடத்தில் முடியட்டும். அதற்குமேல் போனால் இடைநிலையை இன்டெக்ஸ்டுடிபியில் (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளம்) சேமித்துவையுங்கள்.

டேட்டாவை மறப்பது

ரீலோட் போட்டுப் பாவிக்கும் ஊர் இது. காற்றுத் தரவை முழுதாக ஒவ்வொரு துண்டோடும் அனுப்பாதீர்கள். ஒருமுறை இறக்கியதை பிரவுசரிலேயே வைத்திருந்து, அடுத்த துண்டுக்கு விதையையும் தொடங்கும் இடத்தையும் மட்டும் அனுப்புங்கள். மொத்தம் எத்தனை எம்பி போகும் என்பதைத் தொடங்கு பொத்தானுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.