‘ஏஐ பாதுகாப்பு’ மென்பொருள் வாங்கப் போகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இதையெல்லாம் கேளுங்கள்

போன வருடம் ஒரு மாதக் கடைசியில் எங்கள் கணக்காளர் சம்பளக் கணக்கு போடும் எக்செல் கோப்பைத் திறந்தார், அடுத்த நொடி அவருடைய கணினி நெட்வொர்க்கிலிருந்தே துண்டிக்கப்பட்டது. புதிதாகப் போட்ட ‘ஏஐ பாதுகாப்பு’ மென்பொருள், கோப்பிலிருந்த மேக்ரோவை (எக்செலில் வேலையைத் தானாகச் செய்யும் சின்ன நிரல்) ரேன்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போய், வாடகை கட்ட வேண்டியவர்கள் என் மேசை முன்னால் வந்து நின்றார்கள். டெமோவை மட்டும் பார்த்து அதை வாங்கச் சொன்னது நான். அன்றிலிருந்து யார் விற்க வந்தாலும் இப்படித்தான் விசாரிக்கிறேன்.

முதலில் டெமோவை ஒதுக்கிவிடுங்கள். அதில் ஓடும் வைரஸ், மென்பொருளை விற்பவரே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தது, பிடிபடத்தான் செய்யும். ஏஐ எந்த இடத்தில் வேலை செய்கிறது, எதைப் பார்த்துக் கற்றது, அலர்ட் கொடுத்தால் காரணத்தையும் காட்டுமா என்று கேளுங்கள். ஸ்பேம் மெயிலைப் பிரிக்கக் கற்றுக்கொள்ளும் மென்பொருள் 2000-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது, நன்றாகவே வேலையும் செய்கிறது. ‘ஏஐ’ என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் விற்பவர்கள் சொல்லும் அந்த ‘99 சதவீதத் துல்லியம்’. இதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் நெட்வொர்க்கில் ஒரு நாளைக்கு 10 லட்சம் நிகழ்வுகள் பதிவாகின்றன என்று வையுங்கள், எல்லாமே ஒழுங்கான வேலைதான். அதில் 1 சதவீதத்தைத் தப்பாகப் பிடித்தாலே 10,000 அலர்ட். ஒன்றைப் பார்க்க 5 நிமிடம் என்றால் மொத்தம் 833 மணி நேரம், அதாவது 8 மணி நேர ஷிஃப்டில் நூறு பேருக்கு மேல் உட்கார வேண்டும். இருப்பது இரண்டு பேர் என்றால் ஒரே வாரத்தில் அலர்ட்டைத் திறக்காமலே மூட ஆரம்பித்துவிடுவார்கள், உண்மையான தாக்குதலும் அதோடு சேர்ந்து போய்விடும். அதனால் இரண்டு எண்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: எத்தனை தாக்குதலைத் தவறவிட்டது, எத்தனை நல்ல கோப்பைத் தடுத்தது.

எப்படி ஏமாற்றலாம் என்றும் கேளுங்கள். 2019-இல் சைலன்ஸ் என்ற ஏஐ ஆன்டிவைரஸை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஒரு பிரபல வீடியோ கேமின் கோப்பிலிருந்த எழுத்துகளை எடுத்து வைரஸ் கோப்பின் கடைசியில் ஒட்டினார்கள், அவ்வளவுதான், பெரும்பாலான வைரஸ்களை அது நல்ல கோப்பு என்று விட்டுவிட்டது. பிளாக்பெர்ரி நிறுவனம் 140 கோடி டாலர் கொடுத்து வாங்கிய மென்பொருள் அது. ‘மைட்டர் சோதனையில் நாங்கள்தான் முதலிடம்’ என்று யாராவது சொன்னால் கவனம்: பாதுகாப்பு மென்பொருள்களைச் சோதிக்கும் அமெரிக்க அமைப்பான மைட்டர் யாருக்கும் ரேங்க் கொடுப்பதில்லை, முடிவுகளை மட்டும் வெளியிடுகிறது.

இதெல்லாம் சரியாக இருந்தால் 30 நாள் ட்ரயல் கேளுங்கள், உங்கள் கணினிகளில், எதையும் தடுக்காமல் அலர்ட் மட்டும் கொடுக்கும் நிலையில். சம்பள நாள் கட்டாயம் அதற்குள் வர வேண்டும். தினமும் வந்த அலர்ட், அதில் உண்மையானது, பார்க்கச் செலவான நேரம், மூன்றையும் நீங்களே எழுதி வையுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் நிறுவனத்துக்குள்ளேயும் ஒருமுறை பாருங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகத்தையே முடக்கியபோது அதற்கான பேட்சை (ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை) மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. 2021-இல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் நுழைந்தவர்கள் வந்தது, பாஸ்வேர்டு மட்டும் இருந்த, ஓடிபி போல இரண்டாவது சோதனை இல்லாத ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் இணையும் வழி) கணக்கு வழியாக. பேட்ச், இரண்டாவது சோதனை, திரும்ப எடுக்க முடிகிறதா என்று மீட்டுப் பார்த்த பேக்கப், இவை இல்லாத இடத்தில் முதல் ரூபாய் அங்கேதான் போக வேண்டும்.

கடைசியாக, உங்கள் லாக் (கணினிகளில் நடப்பதன் பதிவு) எந்த நாட்டு சர்வருக்குப் போகிறது, அதை வைத்து அவர்கள் தங்கள் மாடலுக்குக் கற்றுக்கொடுப்பார்களா, ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதை வாய்வார்த்தையாக விடாமல் எழுதி வாங்குங்கள்.