ரீயூனியன்: கடற்கரையை நம்பி மலையைக் கோட்டைவிடாதீர்கள்

இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸுக்குத் தென்மேற்கே இருக்கும் ரீயூனியன், வெறும் 2,512 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. "சின்னத் தீவுதானே, இரண்டு நாளில் சுற்றிவிடலாம்" என்ற கணக்கில்தான் முதல் தவறு தொடங்குகிறது. பரப்பைப் பார்க்கிறவர்கள் உயரத்தைப் பார்ப்பதில்லை. அணைந்த எரிமலையான பித்தோன் தெ நேஜ் 3,070 மீட்டர்; இன்னும் குமுறிக்கொண்டிருக்கும் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் 2,632 மீட்டர். சிலாவோஸ் ஊருக்கு ஏறும் சாலையில் 400 வளைவுகள் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். மஃபாத் பள்ளத்தாக்குக்குச் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லையேல் ஹெலிகாப்டர். வரைபடத்தில் விரற்கடை தூரம் அரைநாளை விழுங்கிவிடும்.

அடுத்தது, தீவு முழுவதற்கும் ஒரே வானிலை என்று நினைப்பது. தென்கிழக்கிலிருந்து வீசும் ஈரக்காற்று கிழக்குச் சரிவில் மோதி மழையைக் கொட்டிவிடுகிறது. மேற்கே சான் ஜில் பக்கம் மழை மறைவுப் பகுதி. கிழக்குக் கரையிலுள்ள சாந்த் ரோஸில் குடை பிடித்து நிற்கும் அதே வேளையில் மேற்குக் கரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது மலைமேல் இருக்கும் ஃபோக் ஃபோக்கில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது, ஏறக்குறைய ஆறடி. ஒரே நாள் மழையில் அது உலக சாதனை.

காலத்தையும் தலைகீழாகக் கணக்கிட வேண்டும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமும் மழையும். புயல் பருவமும் அதுதான். 2024 ஜனவரியில் பேலால், 2025 பிப்ரவரியில் காரான்ஸ் என இரண்டு புயல்கள் தீவைப் புரட்டின. சிவப்பு எச்சரிக்கை விடுத்துவிட்டால் வெளியில் நடமாடவே தடை. விடுதி அறையில் அடைந்து கிடக்க வேண்டியதுதான். மே முதல் அக்டோபர் வரை போவதே நல்லது.

அந்தக் குளிர்காலத்தில் போகிறவர்களும் எரிமலையில்தான் ஏமாறுகிறார்கள். கடற்கரையில் 25 பாகை வெயிலைப் பார்த்துவிட்டு, அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகக் கிளம்பிவிடுவார்கள். பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பான பா தெ பெல்கோம்ப் 2,300 மீட்டருக்கு மேல். ஜூலை விடியலில் அங்கே புல்லில் உறைபனி படர்ந்திருந்தாலும் வியப்பில்லை. ஆனாலும் விடியலில்தான் போயாக வேண்டும், ஏனென்றால் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறி மூடிவிடும். காலைச் சிற்றுண்டியை நிதானமாக முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு வெள்ளைப் புகைமூட்டம்தான் தரிசனம்.

விளிம்பிலிருந்து செங்குத்தான பாறைச்சுவரில் நூற்றுக்கணக்கான படிகள் இறங்கினால் எரிமலைக்குழம்பு உறைந்த கருவெளி. முதலில் வருவது ஃபோர்மிக்கா லேயோ என்னும் செம்பழுப்பு நிறக் குட்டிக் கூம்பு. அதன்பின் பாதை என்று தனியாக எதுவும் இல்லை. பாறையில் அடித்திருக்கும் வெள்ளைப் பெயின்ட் புள்ளிகள்தான் வழிகாட்டி. ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைத் தேட வேண்டும். மூடுபனியில் குறுக்குவழி பார்க்கிறவர் திசை தெரியாமல் நிற்பார். விழுந்தாலோ, அந்தச் சொரசொரப்பான பாறை உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். உச்சி போய்த் திரும்ப ஐந்து மணி நேரமாவது ஆகும். நிழலோ குடிநீரோ கிடையாது. கடைசியில் அதே படிகளை ஏறவும் வேண்டும்.

வெடிப்பைப் பார்த்தே தீருவது என்று பயணத்தைத் திட்டமிடுவதும் வீண். உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் இதுவும் ஒன்று. ஆனால் 2023 ஆகஸ்டில் அடங்கியபின் ஓராண்டுக்கும் மேலாக அசையவில்லை. வெடித்தால் உள்ளே போகும் வாயிலைப் பூட்டிவிடுவார்கள். பூட்டைத் தாண்டிப் போவது வீரம் அல்ல, மடமை. குழம்பு எப்படி ஊருக்குள் வரும் என்று பார்க்க விரும்பினால் சாந்த் ரோஸுக்குப் போங்கள்: 1977இல் வீடுகளை விழுங்கிய குழம்பு ஒரு தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது, கட்டடம் தப்பியது.

கடலில் இறங்குவதில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். 2011க்குப் பிறகு சுறாத் தாக்குதலில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2013 முதல், பவளத்திட்டு காக்கும் காயல்களிலும் கண்காணிப்புள்ள இடங்களிலும் தவிர மற்ற இடங்களில் நீந்தத் தடை. லெர்மிதாஜ் காயலே போதும், அழகாகவும் இருக்கும்.

விசா விஷயம்: பிரான்சின் பகுதி, நாணயம் யூரோ, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளைச் சுற்ற உதவும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. பாரிஸுக்கு எடுத்த விசா இங்கும் செல்லும் என்று நம்பிப் புறப்படாமல் முன்கூட்டியே விசாரியுங்கள்.

நம்மவர்கள் மட்டும் செய்யும் தவறும் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் அங்கே பெருந்தொகை. தைப்பூசக் காவடி, தீமிதி எல்லாம் நடக்கும். சான் ஆந்த்ரேயில் கோபுரத்தைக் கண்டதும் தமிழில் பேச்சுக் கொடுத்தால், பெரும்பாலும் புன்னகைதான் பதிலாகக் கிடைக்கும். அன்றாடப் பேச்சு, பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியான கிரியோலும் பிரெஞ்சும்தான். "தமிழை மறந்துவிட்டீர்களே" என்று அவர்களிடம் குறைபட்டுக்கொள்வதைப்போல அநாகரிகம் வேறில்லை. நாலு பிரெஞ்சுச் சொற்களைப் பழகிக்கொண்டு போங்கள். கோயிலில் வணக்கம் சொன்னால் கைகூப்புவார்கள்.