வாய்க்கால் தண்ணீர்த் தகராறா? ஊர் கூடி முறை வைப்பது இப்படி

மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்தாலும் சரி, தள்ளித் திறந்தாலும் சரி, வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கும் தலைமடைக்கும் கடைசியில் இருக்கும் கடைமடைக்கும் சண்டை வந்தே தீரும். உடனே கூட்டம் போட்டுவிடாதீர்கள். முதலில் இரு தரப்பிலும் சிலரைச் சேர்த்துக்கொண்டு மதகிலிருந்து கடைசி வயல் வரை கரையோடு நடந்துவிட்டு வாருங்கள். மேலே மடையை அடைக்கவில்லை என்று கத்தியவர்களே, நடுவில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடப்பதைப் பார்த்து அடங்கிப்போவதுண்டு. அப்படியானால் தூர்வாரும் செலவை யார் கொடுப்பது என்பதுதான் பேச்சு, அது சுலபம்.

கூட்டத்துக்குப் பட்டா பார்த்து ஆள் கூப்பிட்டால் சிங்கப்பூரில் இருப்பவருக்குத்தான் போன் போட வேண்டும். குத்தகைக்கு உழுபவரைக் கூப்பிடுங்கள், ராத்திரியில் மடை திருப்பப் போவது அவர்தான். போர்வெல் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பேசட்டும், ஆற்றுத் தண்ணீரை மட்டுமே நம்பியிருப்பவருக்கு அவசரம் அதிகம்.

கை தூக்கச் சொல்லி மட்டும் முடிவெடுக்காதீர்கள். தோற்ற ஆள் நடுராத்திரி மண்வெட்டியோடு போய் மடையை வெட்டிவிட்டால் உங்கள் பெரும்பான்மை என்ன செய்யும்? எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்றில்லை, 'சரி, இந்தப் போகத்துக்கு இப்படியே போகட்டும்' என்று ஒவ்வொருவரும் சொன்னால் போதும். முடியாது என்பவரிடம் எதை மாற்றினால் சம்மதம் என்று கேளுங்கள், அதற்குப் பதில் இல்லாமல் வெறுமனே முறுக்கிக்கொள்பவர் பழைய வரப்புத் தகராறு எதையாவது மனதில் வைத்திருப்பார், அவரிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

தண்ணீர் முறையை ஒரு மா நிலத்துக்கு இவ்வளவு நேரம் என்று பிரிப்பதுதான் நியாயம். ஆனால் மதகைத் திறந்த நேரத்திலிருந்து எண்ணினால், தண்ணீர் போய்ச் சேருவதற்குள் கடைமடைக்காரரின் நேரம் பாதி கரைந்துவிடும், அதனால் அவர் வயலில் தண்ணீர் ஏறிய பிறகே எண்ண வேண்டும். ராத்திரி முறை ஒருவர் தலையிலேயே விழாமல் மாறி மாறி வரட்டும். கதிர் வெளிவரும் சமயத்தில் காய்ந்தால் நெல் பதராகிவிடும், அந்தப் பருவத்தில் இருக்கும் வயலுக்கு முன்னுரிமை என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தூர்வாரும் கோரிக்கை இருந்தால் அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். மதகுக்கே தண்ணீர் வராவிட்டால் ஊருக்குள் அடித்துக்கொண்டு பயனில்லை, மதகைத் திறந்து மூடும் அரசுப் பணியாளரான லஸ்கரிடம் நம் வாய்க்காலுக்கு எப்போது முறை என்று கேளுங்கள்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கதை தலைகீழாகும், அப்போது யார் வயல் தண்ணீரை யார் பக்கம் வடிப்பது என்று சண்டை வரும். அதையும் இதே கூட்டத்தில் பேசி எழுதிவிடுங்கள், பயிர் மூழ்கிக் கிடக்கும்போது யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள்.