கேள்வி தமிழில், பிழைச்செய்தி அப்படியே

லினக்ஸ் இயங்குதளப் பயனர் குழுக்களில் பல வருடங்களாகப் பதில் எழுதி வருகிறேன். "வைஃபை நாட் வொர்க்கிங், ப்ளீஸ் ஹெல்ப்" என்று ஒரு கேள்வி வந்தால், "என்ன நடந்துச்சுன்னு தமிழ்லயே சொல்லுங்க" என்றுதான் முதலில் கேட்பேன். அடுத்த நிமிடமே வரும்: "நேத்து அப்டேட் போட்டேன். ரீஸ்டார்ட் ஆனதுல இருந்து வைஃபை பட்டியலே வரல. கேபிள் சொருகினா நெட் வருது."

பாதிச் சிக்கல் இங்கேயே பிடிபட்டுவிடும். பட்டியல் வந்து இணையாமல் இருந்தால் பாஸ்வேர்டையோ ரவுட்டரையோ பார்க்கலாம். பட்டியலே வரவில்லை என்றால் டிரைவர் (வைஃபை வன்பொருளை இயக்கும் மென்பொருள்) மீதுதான் முதல் சந்தேகம். அப்டேட்டுக்குப் பிறகு என்கிறார். புதிய கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர் ஏறாமல் போயிருக்கலாம். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து பூட் செய்து பார்க்கச் சொல்வேன். ஆங்கிலத்துக்குத் தயங்கி அவர் விட்டுவிட்ட விவரங்கள்தான் இத்தனைக்கும் வழிவிட்டன.

ஆகவே பேசுகிறபடியே எழுதுங்கள். என்ன செய்தீர்கள், அதற்கு முன் எதை மாற்றினீர்கள், என்ன வந்தது என்பதை வரிசையாகச் சொன்னால் போதும். யாழ்ப்பாணத்து நண்பர் "வேலை செய்யுதில்லை" என்றே எழுதட்டும். சர்வர், டிரைவர் எல்லாம் வாயில் வருகிறபடி வரட்டும். கலைச்சொல் விவாதம் எனக்கும் பிடிக்கும். ஆனால் உதவி கேட்டு நிற்பவரின் இழையில் அது வேண்டாம்.

கணினி சொன்னதை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். பிழைச்செய்தியை எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டுங்கள். திரையைப் படம் எடுத்துப் போட்டால் அதைத் தேட முடியாது. டெஸ்க்டாப்பைத் தமிழில் வைத்திருந்து பிழையும் தமிழில் வந்தால், மொழி அமைப்பை (லோகேல்) 'C' என்ற ஒற்றை எழுத்துக்கு மாற்றி அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். ஆங்கில மூலம் கிடைக்கும். அதே பிழையைச் சந்தித்த வெளிநாட்டுக்காரர்களின் பதில்களையும் அதை வைத்துத் தேடலாம்.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதை விட்டுவிடச் சொல்வேன். 'பண்றேன்' என்பதை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறோம். ஆறு மாதம் கழித்துத் தேடினால் அகப்படாது. கணினியில் தமிழ்99 விசைப்பலகை பழகுங்கள். 1999இல் சென்னை தமிழ்இணைய மாநாட்டையொட்டி வந்த தரம் அது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு; 'க'வை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழுந்து 'க்க' வரும். கைபேசி என்றால் குரல்வழித் தட்டச்சே போதும். அதுவரை ஒருவர் ஆங்கில எழுத்தில் கேட்டால் கடிந்துகொள்ளாமல் தமிழ் எழுத்தில் பதில் போடுங்கள்.

குழுவை நடத்துபவர்களுக்கு ஒன்று: 'போர்ட்' என்பதில் உள்ள 'போ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது சிக்காமல் போகலாம். பழைய உரையாடல்களைச் சேமிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தமிழ் தெரியாதவர்களும் இருக்கும் குழுவில் கேள்விக்கு அடியில் இரண்டு வரி ஆங்கிலச் சுருக்கம் போடுவது மரியாதை. மென்பொருளை எழுதியவர்களுக்குப் பிழை அறிக்கை அனுப்ப வேண்டி வந்தால், ஆங்கிலம் கைவந்த ஒருவர் அதை எழுதிக் கொடுக்கட்டும். தீர்வு கிடைத்ததும் கேட்டவரையே எழுதி வைக்கச் சொல்லுங்கள்: எந்த லேப்டாப், எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளை சரிசெய்தது என்று, அவர் தமிழிலேயே.