வெளுத்துப்போன கார் பெயின்ட்: வீட்டிலேயே பளபளப்பை மீட்ட கதையும் செய்முறையும்

அப்பாவின் மாருதி 800, சிவப்பு. பல வருடம் மொட்டை வெயிலில் நின்றதில் பானெட்டும் கூரையும் ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டன. விரலால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி பொடி ஒட்டும். பார்த்தவர்கள் எல்லோரும் மறுபடி பெயின்ட் அடிக்கத்தான் சொன்னார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலைகள் உட்கார்ந்து தேய்த்தேன். இப்போது பானெட்டில் எங்கள் வீட்டு வேப்பமரக் கிளைகள் தெளிவாகத் தெரிகின்றன.

காரை ஷாம்பு போட்டுக் கழுவுவது உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: போர் தண்ணீரில் கழுவினால் காய விடாமல் உடனே துடைத்துவிடுங்கள். அந்த உப்புதான் வெள்ளை வட்டங்களாகப் படிகிறது. ஏற்கெனவே படிந்திருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து, கறைமேல் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு, நன்றாக அலசிவிடுங்கள். எல்லா வேலையும் நிழலில்தான். தகரத்தில் கை வைத்தால் சூடு தெரியக் கூடாது. நான் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுவேன்.

அடுத்தது கிளே பார், பெயின்ட்டில் ஒட்டிய துகள்களை இழுத்தெடுக்கும் கட்டி. கழுவிய பிறகு ஒரு மெல்லிய பாலிதீன் பைக்குள் கையை விட்டுப் பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால், கழுவிப் போகாத துகள்கள் ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, களிமண் போன்ற அந்தக் கட்டியை அழுத்தாமல் நேர்கோட்டில் இழுங்கள். அழுக்கு தெரிந்தால் மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். கட்டி கீழே விழுந்தால் எடுக்கவே எடுக்காதீர்கள். நான் எடுத்துத் துடைத்துவிட்டுத் தேய்த்தேன். ஒட்டியிருந்த மணல் கதவில் கீறல் போட்டது. முதலிலேயே இரண்டாக வெட்டி வைத்துக்கொண்டால் ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். பெயின்ட்டின் மேல்பரப்பை லேசாகத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்ட் பசையைத் தொட்டு இரண்டு நிமிடம் தேய்த்ததும் வெள்ளைத் துணி முழுக்க ரத்தம் மாதிரி சிவப்பு. பெயின்ட்டையே உரித்துவிட்டேன் என்று பதறி வேலையை நிறுத்தினேன். இரண்டு வாரம் காரைத் தொடவில்லை. பிறகு பழைய பெயின்ட்டர் ஒருவர்தான் விளக்கினார். பழைய கார்கள் பலவற்றில், முக்கியமாக மெட்டாலிக் அல்லாத நிறங்களில், மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற அடுக்கு கிடையாது. நிறமே மேல் அடுக்கு. வெயிலில் அதன் மேல்பரப்பு செத்துப் பொடியாகிறது. துணியில் வருவது அந்தச் செத்த பெயின்ட். அது போனால்தான் அடியில் இருக்கும் நல்ல சிவப்பு வெளியே வரும்.

ஆகவே யாருக்கும் தெரியாத ஓர் ஓரத்தில் முதலில் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் கிளியர் கோட் இல்லை. ஏறாவிட்டால் இருக்கிறது, அப்போது இன்னும் நிதானம் வேண்டும். அந்த அடுக்கு தலைமுடி ஒன்றின் பருமன்கூட இருக்காது. அது தோல் உரிவதுபோல் திட்டுத் திட்டாகப் பெயர்ந்திருந்தால் காம்பவுண்ட் எதுவும் செய்யாது. அந்தப் பகுதிக்குப் பெயின்ட்தான் வழி.

தேய்க்கும் முறை இதுதான். ரப்பர் பீடிங்குக்கும் கருப்புப் பிளாஸ்டிக்குக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடம் மட்டும் எடுத்து, ஒரு ரூபாய் நாணயம் அளவு காம்பவுண்ட்டை ஃபோம் பேடில் வைத்துத் தேய்த்து, காயும் முன் மைக்ரோஃபைபரால் துடையுங்கள். பானெட்டின் மடிப்பு விளிம்புகளில் பெயின்ட் மெலிதாக இருக்கும், அங்கே அழுத்தவே வேண்டாம். கை வலித்தால் டூயல் ஆக்‌ஷன் மெஷின் (பேடைச் சுழற்றியபடியே அசைக்கும் பாலிஷ் மெஷின்) வாங்குங்கள். டிரில்லில் மாட்டும் பேடை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே இடத்தில் சுற்றிச் சூடேற்றி, புதியவர்கள் கையில் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

பிறகு மெல்லிய பாலிஷ் ஒரு சுற்று, கடைசியில் வாக்ஸ். வாக்ஸைத் தவிர்த்தால் நம் வெயிலில் சீக்கிரமே பழைய கதைதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் போடுகிறேன்.

பின்சேர்க்கை: வெள்ளைக் கார் வைத்திருக்கும் ஒரு வாசகர், துணியில் நிறம் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. காம்பவுண்ட்டே வெள்ளையாக இருந்தால் குழப்பும். அதனால் கழுவிக் காய்ந்த பெயின்ட்டை வெறும் கருப்புத் துணியால் தேயுங்கள். மாவு மாதிரி ஏறினால் பெரும்பாலும் கிளியர் கோட் இல்லாத பெயின்ட்.

இன்னொரு பின்சேர்க்கை: தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். ஒரு நாள் மின்னும், மறுநாள் தெருப்புழுதி எல்லாம் அதில் ஒட்டும். அந்தப் புழுதியோடு துடைத்தால் புதிதாகக் கீறல் விழும்.