ஊரில் பழைய ஹைபிரிட் கார் வாங்க முதல்

வருடத்துக்கு ஒருமுறை யாழ்ப்பாணம் வந்துபோகிறவர்கள் வான் வாடகைக் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் ஒரு பழைய ரொயோட்டா அக்வா ஹைபிரிட்டை வாங்கி வீட்டில் விட்டால் என்ன என்று யோசிக்கத் தொடங்குவது வழக்கம்தான். யோசனையில் பிழை இல்லை. ஆனால் காரைப் பார்க்கப் போக முதல் ஒன்றை முடிவு செய்யுங்கள்: நீங்கள் ரொறொன்ரோவிலோ சூரிச்சிலோ இருக்கிற மற்ற மாதங்களில் அதை யார் ஓட்டப்போகிறார்கள்? பெற்றோல் எஞ்சினும் பற்றரி மோட்டரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட்டைப் பொறுத்தவரை நிறைய ஓடியதால் வருகிற கேட்டைவிட, சும்மா நின்றதால் வருகிற கேடுதான் எனக்குப் பயம்.

காரணம் லேசானது. ரொயோட்டாவின் அக்வா, பிரியஸ், அக்சியோ போன்ற ஹைபிரிட்களில் இரண்டு பற்றரி இருக்கிறது. பெரியது, பழைய மொடல்களில் பெரும்பாலும் நிக்கல் வகை. காரை நிறுத்தி வைத்தால் மெல்ல மெல்லத் தானாக இறங்கும். அதற்குள் வரிசையாக இருக்கிற சின்னச் சின்னப் பற்றரிக் கட்டிகள் எல்லாம் ஒரே அளவாக இறங்காது, ஒன்று பின்தங்கிவிடும், பிறகு அந்த ஒன்றுதான் முழுப் பற்றரியையும் இழுத்து விழுத்தும். சின்னது வழக்கமான 12 வோல்ற். அது இறங்கினால் பெரியது நிறைந்திருந்தாலும் கார் ஸ்ரார்ட் ஆகாது. மாதக்கணக்கில் ஷெட்டில் பூட்டி, மேலே துணி போர்த்தி, "கவனமாக வைத்திருக்கிறோம்" என்று வீட்டார் சொல்கிற கார் உண்மையில் கெட்டுக்கொண்டிருக்கிறது.

அதனால் 'வெளிநாட்டுக்காரர் கார், கொஞ்சம்தான் ஓடினது' என்று தரகர் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள், விசாரியுங்கள். 2022 இல் பெற்றோல் இல்லாமல் நாடே கியூவில் நின்ற காலத்தில் கார் எங்கே நின்றது, எவ்வளவு காலம் ஓடாமல் கிடந்தது என்றும் கேளுங்கள். ஒழுங்காக சேர்விஸ் செய்து, பில்லும் வைத்துக்கொண்டு 2 லட்சம் கிலோமீற்றர் ஓடிய அக்வா ஒன்றும், மீற்றரில் 70,000 காட்டுகிற, ஆனால் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாத அக்வா ஒன்றும் பக்கத்தில் நின்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்ட மீற்றரைப் பின்னுக்குச் சுற்றுவது இங்கே புதினமான விஷயம் இல்லை. ஜப்பான் ஏற்றுமதிச் சான்றிதழிலும், அங்கே ஏலத்தில் விற்றபோது கொடுத்த ஏலத் தாளிலும் அங்கே ஓடிய தூரம் இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறகு பிரேக் பெடல் றப்பரையும் டிரைவர் சீற்றின் வலப்பக்க விளிம்பையும் பாருங்கள். 70,000 ஓடின காரில் றப்பர் மழமழவென்று தேய்ந்திருக்க வேலையில்லை.

விலையைக் கேட்டதும் தலை சுற்றும், முதலே சொல்லிவிடுகிறேன். ஒருகாலத்தில் ஹைபிரிட்டுக்கு வரி குறைவு என்பதால் வந்து குவிந்த கார்கள் இவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, சொந்த வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள், அதுவும் பெரிய வரியோடு. ஆகவே கனடா விலையோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம்.

சரி, காரைப் பார்க்கும் நாள். காலையில் போங்கள், நீங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண வேண்டாம் என்று முதலே சொல்லிவையுங்கள். போனதும் பொனற்றில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். மூன்றாம் தலைமுறை பிரியஸ், அதாவது 2009 முதல் 2015 வரை வந்தது, எஞ்சின் ஆறிக் கிடந்து முதல்முறை பற்றும்போது சில விநாடி கடகடவென்று உதறினால் விட்டுவிட்டு வாருங்கள். எஞ்சினின் மேற்பகுதியை அடைக்கிற ஹெட் காஸ்கற் விட்டு, தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிற அறிகுறி அது. அதே காரில் பிரேக் மிதிக்காமலே சில விநாடிக்கு ஒருதரம் 'ர்ர்ர்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்டால் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கிற அக்சுவேற்றர் போகப்போகிறது, அதுவும் சின்னச் செலவில்லை.

அப்புறம் பின் சீற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காற்றுத் துவாரம் இருக்கும், பெரிய பற்றரியைக் குளிராக்கும் விசிறி அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. ரோர்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர்ப் புழுதிக்கு அந்த வலையில் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல அடைந்திருக்கும், நடுவில் தலைமயிர், சில நேரம் பிஸ்கட் தூள். அடைபட்டால் பற்றரி சூடாகும், சூடு ஆயுளைக் குறைக்கும். விற்கிறவர் அப்படி ஒரு துவாரம் இருப்பதே தெரியாமல் விழித்தால், அந்தக் காரை எப்படிப் பராமரித்திருப்பார் என்று உங்களுக்கே விளங்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஏசியைப் போட்டு, திரையில் பற்றரிக் கோடுகளைக் கவனியுங்கள். நிறைந்திருந்தது சில நிமிடத்தில் கீழே விழுந்து, உடனே சட்டென்று ஏறினால் பற்றரி களைத்துவிட்டது. காரின் கணினியில் செருகி, போனோடு இணைக்கிற ஒரு ஓபிடி கருவி வாங்கிக்கொண்டு வந்தால் நல்லது. டொக்டர் பிரியஸ் மாதிரிச் செயலியில் ஒவ்வொரு கட்டியின் வோல்ற்றும் தெரியும், ஏற்றத்தில் ஓடும்போது ஒன்று மட்டும் தனியே இறங்குகிறதா என்று பாருங்கள். பற்றரி மாற்றியாயிற்று என்றால், முழுதாகப் புதிதா, அல்லது செல் மாற்றினதா என்று கேளுங்கள். பழுதான ஒன்றிரண்டை மட்டும் கழற்றி வேறு பழையதைப் போட்டுத் தருவது சில மாதம் தாக்குப்பிடிக்கும், காரை விற்க அது போதும்தானே. எப்படியும் பற்றரி மாற்றும் செலவை கராஜில் கேட்டு வைத்துக்கொண்டு, அதைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

ஹொண்டா ஃபிட் பற்றி ஒரு வார்த்தை. 2013 இல் வந்த ஃபிட் ஹைபிரிட்டை ஹொண்டா சுமார் ஒரு வருடத்துக்குள் ஐந்து முறை திருத்தத்துக்குத் திருப்பி அழைத்தது, பெரும்பாலும் அந்த இரட்டைக் கிளச் கியர்பெட்டியாலும் அதன் மென்பொருளாலும். ஓட நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் இல்லாத நேரம் வீட்டில் இருக்கிற அம்மாவும் மாமாவும் கராஜுக்கு அலையப்போகிறார்கள் என்றால் ரொயோட்டாவோடு நில்லுங்கள்.

காரின் பதிவுப் பத்திரத்தில் லீசிங் கொம்பனி பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது நீங்கும்வரை காசு கொடுக்காதீர்கள். 'ஓப்பன் பேப்பர்' என்று முந்தின உரிமையாளர் கையெழுத்து மட்டும் இருக்கிற தாளைத் தந்தால் வாங்க வேண்டாம். உறவினர் ஒருவரின் பெயரில் பதிவதென்றால், சட்டப்படி கார் அவருடையதாகவே இருக்கும். தம்பிதானே என்று நினைப்பீர்கள், தம்பி நல்லவர்தான், ஆனாலும் வீட்டில் எல்லாருக்கும் தெரியப் பேசி வையுங்கள். வெளிநாட்டு லைசன்ஸை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது, இங்கே செல்லுபடியாகும் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் விபத்து என்று வந்தால் காப்புறுதி கைவிரிக்கும்.

வாங்கியபின் வீட்டாரிடம் சொல்ல வேண்டியது: இரண்டு வாரத்துக்கு ஒருதரமாவது அரைமணி நேரம் ஓட்டுங்கள், சுன்னாகம் சந்தைக்குப் போய் வந்தாலும் போதும். வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையா? அப்படியென்றால் ஹைபிரிட்டை விடுங்கள். நீங்கள் ஊரில் வந்து நிற்கிற சில கிழமைக்கும் சாரதியோடு வான் பிடிப்பதே மலிவு.